ஹாரி டிரெஸ்டனின் தலைக்குள் யார்? விடை சொல்லாத மாயங்களுக்கு ஓர் உரை

ஜிம் புட்சர் எழுதும் ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ நாவல் வரிசை 2000-இல் ‘ஸ்டார்ம் ஃப்ரன்ட்’ என்ற நூலோடு தொடங்கியது. நாயகன் ஹாரி டிரெஸ்டன், ஷிகாகோ தொலைபேசிப் புத்தகத்தில் மந்திரவாதி என்று பெயர் கொடுத்திருக்கும் ஒரே ஆள். பழைய கட்டடம் ஒன்றின் நிலவறையில் வாடகைக்குக் குடியிருக்கிறான். அதற்கும் கீழே இன்னொரு நிலவறை உண்டு. அதுதான் அவனுடைய பரிசோதனைக்கூடம். அங்கே ஒரு மண்டையோட்டுக்குள் பாப் என்ற ஆவி குடியிருக்கிறது. வாய்த்துடுக்கு அதிகம், மந்திர சாஸ்திரமோ தலைகீழ்ப் பாடம். கொலை நடந்த இடத்தில் புத்திக்கு எட்டாத எதையாவது கண்டால் காவல்துறை அதிகாரி கேரின் மர்ஃபி ஹாரியைத்தான் கூப்பிடுவாள்.

ஒவ்வொரு நாவலிலும் வழக்கு முடிந்துவிடும். ஆனால் யார் செய்தது, எப்படி நடந்தது என்று சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டு மாயச் சம்பவங்கள் மிஞ்சும். அடுத்த நூல் வரும்வரை வாசகர்கள் அவற்றை மென்றுகொண்டிருப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள், கடைசியில் உலகே அழியும் நிலைக்குப் போகும் ஒரு முத்தொகுதி என்று புட்சர் தன் திட்டத்தைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். திட்டம் போட்டு எழுதுகிறவர் என்றால் மிச்சம் வைப்பதும் திட்டம்தானே என்ற நம்பிக்கையில் பிறந்தவைதான் இந்த வரிசையைப் பற்றி ரசிகர்கள் கட்டும் ஊகங்கள், அதாவது ஃபேன் தியரிகள் எல்லாம்.

இந்த உரை அப்படிப்பட்ட சில இடங்களை எடுத்துக்கொள்கிறது. விடை கிடைத்துவிட்ட இடங்கள் முதலில், கிடைக்காதவை பிறகு. ஆசிரியர் எங்கே ஒளித்து வைப்பார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இன்னும் ஒளிந்திருப்பதைத் தேட முடியும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கதையை ஹாரி தன் வாயால் சொல்கிறான், ஆகவே சந்தேகத்தை முதலில் அவன் மேல் வைக்க வேண்டும். எதிரிகளின் பட்டியலைப் புரட்டிய ஊகங்கள் பெரும்பாலும் தோற்றிருக்கின்றன. கதைசொல்லியின் தலைக்குள் தேடியவை ஜெயித்திருக்கின்றன. நூல்களை இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கீழே எல்லா முடிச்சும் அவிழ்கிறது.

டெட் பீட்: புத்தகக்கடைப் பெண்

2005-இல் வந்த ஏழாம் நூல். பிணங்களை எழுப்பும் மந்திரவாதிகள் ஷிகாகோவுக்குள் புகுந்திருக்கிறார்கள். அவர்கள் தேடும் நூலை ஹாரியும் தேடுகிறான். பாக் என்பவரின் பழைய புத்தகக்கடையில் ஷீலா என்ற பெண் அவனுக்கு உதவுகிறாள். சிரித்த முகம், அபார ஞாபகசக்தி. கைநழுவிப்போன நூலில் இருந்த செய்யுளை அவளே நினைவிலிருந்து ஒப்பிக்கிறாள். ஹாரிக்கு அவள் மேல் ஒரு பிரியமும் வந்துவிடுகிறது. கடைசியில் பார்த்தால் அந்தக் கடையில் அப்படியொரு பெண் வேலை பார்க்கவே இல்லை.

இதற்கான விதை இரண்டு நூல்களுக்கு முன்பே போடப்பட்டது. 2003-இல் வந்த ‘டெத் மாஸ்க்ஸ்’ முடியும் இடத்தில் ஒரு கார் ஓடிவருகிறது. அதிலிருந்து நிக்கோடிமஸ் என்ற வில்லன் ஒரு வெள்ளிக்காசை ஒரு கைக்குழந்தையின் முன்னால் வீசுகிறான். யூதாஸ் வாங்கிய முப்பது காசுகளில் ஒன்று அது. ஒவ்வொரு காசிலும் விழுந்துபோன தேவதூதர் ஒருவர் சிறைப்பட்டிருக்கிறார், தொட்டவர் அவருக்கு அடிமை. குழந்தை கை வைக்கும் முன் ஹாரி தன் உள்ளங்கையால் அதை மூடுகிறான். பிறகு காசைத் தன் பரிசோதனைக்கூடத் தரையில் சிமென்ட்டுக்குள் புதைத்துவிட்டு, தொல்லை விட்டது என்று இருக்கிறான். காசு புதைந்தது. காசிலிருந்த லாசியேலின் நிழல் அவன் மூளையில் தங்கிவிட்டது. ஷீலா அந்த நிழல்தான்.

இங்கே ஆசிரியர் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறார் என்பதைக் காட்ட வேண்டும். ஷீலா வரும் காட்சிகளைத் திரும்பப் படித்தால், ஹாரியைத் தவிர யாரும் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் ஒப்பித்த செய்யுளும் ஹாரி முன்பு புரட்டிய பக்கங்களில் இருந்ததே. அவனே கண்டு மறந்ததை அவனுக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கதைசொல்லி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னான், கண்தான் வேறொருத்தியின் வசம் இருந்தது. இந்த வரிசையின் மற்ற எல்லா மர்மங்களையும் படிக்க இந்தக் காட்சியையே நான் இலக்கணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஸ்மால் ஃபேவர்: காணாமல்போன கோல்

2008. ஹாரியின் முதல் ஆயுதம் தீயை ஏவும் மரக்கோல். அது இல்லாமல் அவன் வெளியே போவதில்லை. இந்த நூலில் அவன் பலமுறை உயிர் போகும் சண்டையில் மாட்டுகிறான், ஒருமுறைகூடக் கோலை எடுப்பதில்லை. எங்கே அது என்று நண்பர்கள் கேட்கும்போது அவன் பேச்சு தடுமாறுகிறது.

தேவதை உலகின் குளிர்கால அரசி மாப் அவன் கோலை எடுத்துக்கொண்டாள், தீ மந்திரம் என்ற நினைப்பையே தலையிலிருந்து துடைத்துவிட்டாள் என்று பின்னால் தெரிகிறது. எதிர்த்தரப்பான கோடை அவையின் வேட்டைக்காரர்கள் அவனை மோப்பம் பிடித்துவிடக்கூடாது என்பது அவள் கணக்கு. உரைகாரனுக்கு அந்தக் காரணத்தைவிடச் சொன்ன முறைதான் முக்கியம். புட்சர் எதையும் சேர்க்கவில்லை, வழக்கமாக இருப்பதை எடுத்துவிட்டார். படிக்கிறவர் பலருக்கு அது உறைக்கவே இல்லை. உறைத்தவர்களிலும் சிலர், ஆசிரியர் மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். நீண்ட வரிசைகளைப் படிக்கும்போது வரும் பெரிய சங்கடம் இது. எது தடயம், எது ஆசிரியரின் கைப்பிழை? புட்சர் பிழையே விடாதவர் அல்லர். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: கதைக்குள் இருக்கும் இன்னொருவர் அந்தக் குறையைச் சுட்டிக் கேட்டால் அது தடயம், கேட்காவிட்டால் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சேஞ்சஸ், கோஸ்ட் ஸ்டோரி: படகில் விழுந்த குண்டு

பன்னிரண்டாம் நூலான ‘சேஞ்சஸ்’ 2010 ஏப்ரலில் வந்தது. தனக்கு ஒரு மகள் இருப்பது ஹாரிக்குத் தெரிகிறது, அவளைச் சிவப்பு அவையின் ரத்தக்காட்டேரிகள் கடத்தியிருக்கிறார்கள். அவளை மீட்கப் போகும் வழியில் அவன் வீடு எரிகிறது, முதுகெலும்பு முறிகிறது. மாப் அரசிக்குப் படைவீரனாக இருக்க ஒப்புக்கொண்டால்தான் உடம்பு தேறும் என்ற நிலையில் அதற்கும் தலையாட்டுகிறான். மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில் அந்தக் குலத்தையே வேரோடு அழிக்கிறான். எல்லாம் முடிந்து, மர்ஃபிக்காகப் படகில் காத்திருக்கும்போது எங்கிருந்தோ ஒரு குண்டு நெஞ்சில் பாய்கிறது. மிச்சிகன் ஏரிக்குள் விழுகிறான். நூல் அங்கேயே முடிகிறது.

2011 ஜூலையில் ‘கோஸ்ட் ஸ்டோரி’ வரும்வரை சுட்டது யார் என்பதுதான் வாசகர்களுக்குப் பேச்சு. ஹாரியின் எதிரிகள் அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கினார்கள். கூலிக்குக் கொல்பவனான கின்கெய்ட் என்று ஊகித்தவர்களும் இருந்தார்கள், தூரத்திலிருந்து ஒரே குண்டு என்பது அவன் கைவரிசை. அவர்கள் சொன்னது சரி. ஆனால் விரல் யாருடையது என்பது பாதிக் கேள்வி. ஏவியது யார்?

ஏவியது ஹாரி. மாப்புக்கு அடிமையானால் தான் அரக்கனாகிவிடுவோம் என்று பயந்து, தன்னைக் கொல்லும்படி அவனே கின்கெய்டிடம் சொல்லியிருக்கிறான். சொன்னது தனக்கே தெரியாமல் இருக்க வேண்டும், தெரிந்தால் மாப் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே தன் மாணவி மாலியைக்கொண்டு அந்த நினைவை அழித்துக்கொண்டான். ‘கோஸ்ட் ஸ்டோரி’ முழுவதும் ஆவியாக ஷிகாகோவில் அலைந்து தன் கொலையாளியைத் தேடுகிறவன், கடைசியில் பார்ப்பது தன்னைத்தான்.

இதை வெறும் திருப்பம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்த வரிசையின் உச்சம் இதுதான் என்பேன். ஷீலா விஷயத்தில் கண் ஏமாந்தது. கோல் விஷயத்தில் வேறொருத்தி நினைவைத் திருடினாள். இங்கே கதைசொல்லி தானே மனமொப்பித் தன் கதையில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்திருக்கிறான். அந்த மாணவி அதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. ஆசானின் சாவுக்குத் துணைபோன பாரத்தோடு அந்தப் பெண் பாதிப் பைத்தியமாகத் தெருவில் திரிகிறாள். அடுத்தவர் மனத்துக்குள் புகுவது மந்திரவாதிகளின் ஏழு சட்டங்களில் மூன்றாவதை மீறுவது, கண்டுபிடித்தால் தலையைச் சீவிவிடுவார்கள். ஹாரி அதைச் செய்யச் சொன்னது, ஏற்கெனவே அதே மாதிரிக் குற்றத்துக்காக மயிரிழையில் உயிர் தப்பிய பெண்ணிடம். அவன் செய்த காரியங்களிலேயே மன்னிக்கக் கடினமானது இது. ரசிகர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

இதற்கு ஒரு துணைக்குறிப்பு. ஹாரி முடிவெடுத்த அந்தக் கணத்தில், எல்லாம் உன்னால்தான் என்ற பொருளில் ஒரு விழுந்த தேவதூதர் ஏழு சொற்களை அவன் காதில் ஓதியிருக்கிறார். மனிதனுடைய விருப்பத்தில் தலையிடக்கூடாது என்ற விதியை அவர் மீறியதால், தலைமைத் தூதர் யூரியேலுக்குத் திருப்பி ஏழு சொற்கள் சொல்ல உரிமை கிடைக்கிறது. தலைக்குள் இருந்தது ஹாரியின் எண்ணம்தான், ஆனால் அதை ஊதிவிட்ட மூச்சு வெளியே இருந்து வந்தது. அடுத்து வரும் இடங்களுக்கு இந்தக் கலவை உதவும்.

ஸ்கின் கேம்: தலைவலி

2014. இடையில் பல நூல்களாக ஹாரிக்குத் தலைவலி. அடி வாங்குகிறவன், தூங்காதவன், தலைவலி வராமல் என்ன செய்யும்? ‘ஸ்கின் கேம்’ தொடங்கும்போது அது உயிரைக் கேட்கும் அளவுக்கு முற்றியிருக்கிறது. ஏதோ ஒட்டுண்ணி என்கிறார்கள். வலியை அடக்க மாப் ஒரு காதணி தருகிறாள்.

விடை 2007-இல் வந்த ‘வைட் நைட்’டில் கிடக்கிறது. லாசியேலின் நிழலோடு பல மாதம் பேசிப் பேசி, அதற்கு லாஷ் என்று தனிப்பெயர் வைத்து, நீ வெறும் நிழலாக இருக்க வேண்டியதில்லை என்று ஹாரி அதை மாற்றிவிடுகிறான். மனத்தைத் தாக்கும் ஓர் ஆயுதம் அவன் மேல் பாயும்போது லாஷ் குறுக்கே நின்று அழிகிறாள். தன்னைக் கொடுத்த அந்தச் செயலில் ஓர் உயிர் உருவாகிவிட்டது. ஹாரியின் தலைவலி ஒரு கர்ப்பம். அறிவே உருவான ஒரு குட்டி ஆவி, மரத்தில் செதுக்கிய மண்டையோட்டுக்குள் கடைசியில் வந்து சேர்கிறது. லாஷ் முழுக்க அழிந்திருக்க மாட்டாள், தலைவலி அவளுடைய மிச்சம் என்று பார்த்த வாசகர்கள் இலக்கை ஏறக்குறைய தொட்டுவிட்டவர்கள்.

இதே நூலில் எல்லா ஊகக்காரர்களையும் எச்சரிக்கும் ஒரு காரியமும் நடக்கிறது. குட்மேன் கிரே என்ற உருமாறி, வில்லன் கூட்டத்தின் ஆளாகவே கதை நெடுக வருகிறான். கடைசியில் பார்த்தால் அவனை முன்கூட்டியே அமர்த்தியவன் ஹாரிதான். சம்பளம் ஒரு டாலர். ஹாரிக்கு இது முதலிலிருந்தே தெரியும், நமக்குச் சொல்லவில்லை. மறதியும் இல்லை, மாயமும் இல்லை, வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அதற்கு முன்புவரை, தெரிந்ததைச் சொல்வான் என்று கதைசொல்லியை நம்பலாம். 2014-க்குப் பிறகு அந்த நம்பிக்கையும் கிடையாது. என்னைக் கேட்டால் இது கொஞ்சம் அழுகுணி ஆட்டம். ஷீலாவைத் திரும்பப் படிக்கும்போது வரும் மகிழ்ச்சி கிரேயைத் திரும்பப் படிக்கும்போது வருவதில்லை.

ப்ரூவன் கில்ட்டி: லிட்டில் ஷிகாகோவைச் சரிசெய்த கை

விடையில்லாதவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நூல் வெளியானது 2006-இல்.

ஹாரி தன் பரிசோதனைக்கூட மேசையில் ஷிகாகோ நகரத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறான். தெருவுக்குத் தெரு, கட்டடத்துக்குக் கட்டடம் ஈயக்கலவையில் வார்த்தது. ஒவ்வொரு பொம்மைக் கட்டடத்திலும் உண்மைக் கட்டடத்தின் ஒரு துணுக்கு. பாகத்தை வைத்து முழுமையைப் பிடிக்கும் மந்திரம் அது. இதன் வழியாக நகரத்தின் எந்த மூலையையும் பார்க்கலாம். கணக்கில் எங்காவது தவறு இருந்தால் தலை சிதறிவிடும். அவசரம் வந்தபோது ஹாரி துணிந்து பயன்படுத்துகிறான், வேலை செய்கிறது. பிறகுதான் தெரிகிறது, அவன் செய்த அமைப்பில் உண்மையிலேயே ஒரு கோளாறு இருந்திருக்கிறது. அவன் செத்திருக்க வேண்டும். அவன் பயன்படுத்துவதற்கு முன் யாரோ அதைச் சரிசெய்திருக்கிறார்கள்.

யார்? இந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் மாப் உண்டு, ஹாரியின் ஞானத்தாயான லீனன்ஷீ உண்டு, மந்திரவாதிகளின் சபையில் உள்ள வாயிற்காவலர் உண்டு, யூரியேல் உண்டு. ஹாரியின் பூனை மிஸ்டர் சாதாரணப் பூனை இல்லை, அதுதான் செய்தது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்த ஹாரிதான் செய்தான் என்பது ரசிகர்களுக்கு மிகப் பிரியமான ஊகம்.

இடத்தை முதலில் பார்ப்போம். வீட்டைச் சுற்றி ஹாரி போட்ட மந்திரக்காப்பு இருக்கிறது. அத்துமீறி நுழைகிறவர் தப்பமாட்டார். அனுமதி பெற்ற நண்பர்கள் நுழையலாம், ஆனால் அவர்களில் யாருக்கும் அந்த மாதிரியைத் திருத்தும் அறிவு கிடையாது. அந்த அறிவுள்ள பெரியவர்கள் நுழைந்திருந்தால் காப்பில் ஒரு கீறலாவது விழுந்திருக்க வேண்டும்.

அடுத்தது சாட்சி. பாப் அந்த அறையிலேயே இருக்கிறான். தூக்கம் கிடையாது, மறதி கிடையாது. வேற்றாள் வந்து மாதிரியில் கை வைத்திருந்தால் பாப் சொல்லியிருப்பான். ஏன் சொல்லவில்லை? இதற்கு ‘டெட் பீட்’ நூலுக்குத் திரும்ப வேண்டும். மண்டையோட்டின் உரிமையாளர் கட்டளையிட்டால் பாப் தன் நினைவின் ஒரு பகுதியைப் பூட்டிவிடுவான். கெம்லர் என்ற பழைய எஜமானைப் பற்றிய நினைவை ஹாரி கட்டளையிட்டதும் பூட்டிவிட்டான். அப்படியென்றால் பாப்பின் வாயைக் கட்ட அதிகாரம் உள்ளவர் அப்போது ஒருவர்தான். காப்பைக் கடக்கவும் பாப்பை மறக்கச் செய்யவும் முடிந்த ஒரே ஆள் ஹாரி. கை அவனுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கையை நடத்தியது யார் என்பதுதான் கேள்வி.

எதிர்கால ஹாரி என்பவர்களுக்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. இதே நூலின் தொடக்கத்தில் வாயிற்காவலர் ஹாரிக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். ஷிகாகோவில் யாரோ கறுப்பு மந்திரம் செய்கிறார்கள் என்று எச்சரிக்கிறது அது, விவரம் சொல்வதில்லை. காலத்தோடு விளையாடினால் முரண் வந்து உலகம் குலையும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருப்பதாக ஹாரியும் பாப்பும் அலசுகிறார்கள். கால நீரோட்டத்துக்கு எதிராக நீந்தக்கூடாது என்பது ஆறாவது சட்டம். முதலாவதிலிருந்து ஏழாவது வரை ஏறக்குறைய ஒவ்வொரு சட்டத்தையும் கதை தொட்டுவிட்டது, ஆறாவது மட்டும் இன்னும் பாக்கி. வைத்த துப்பாக்கி வெடிக்காமல் போகாது என்பது இவர்கள் நம்பிக்கை.

எனக்கு லாஷ் மேல்தான் சந்தேகம். அந்தக் காலத்தில் அவள் ஹாரியின் தலைக்குள் குடியிருந்தாள், அவனோடு பேசவும் தொடங்கிவிட்டாள். இல்லாத ஒரு பெண்ணையே அவனுக்குக் காட்டியவள் அவள், இருந்த ஒரு மணிநேரத்தை மறைப்பதா கடினம்? அவன் மறந்த செய்யுளை எடுத்துக் கொடுத்தவளுக்கு, அவன் பிழையாகப் போட்ட கணக்கு கண்ணில் படாதா? அவன் செத்தால் அவளும் போவாள். காரணமும் இருக்கிறது, வசதியும் இருக்கிறது. இந்த ஊகத்தைச் சொல்லும் வாசகர்கள் ஏற்கெனவே உண்டு. பாப்பின் மௌனத்தை அதற்குச் சாட்சியாக நிறுத்துவதுதான் நான் செய்வது.

இதற்கு ஒரு பலமான தடை உண்டு, அதை மறைக்க மாட்டேன். லாஷ் பேரம் பேசுகிறவள். என்னை நம்பு, உன் நன்மைக்குத்தான் இருக்கிறேன் என்று ‘வைட் நைட்’ வரை மன்றாடுகிறாள். உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்ற துருப்புச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் இறக்கவில்லை? என் பதில்: இறக்கியிருந்தால், அனுமதி இல்லாமல் உன் கையை நான் ஓட்டினேன் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். சுயவிருப்பத்தை உயிராக நினைக்கிற ஹாரி அதன் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியிருப்பானா? இந்தப் பதில் தடையை முழுவதும் நீக்கவில்லை என்பது எனக்கே தெரிகிறது. ஆனாலும் எதிர்கால ஹாரிக்குத் தேவைப்படும் இன்னும் எழுதப்படாத ஒரு நாவலைவிட, ஏற்கெனவே எழுதப்பட்ட லாஷ் எனக்குப் போதும். மாதிரி நகரமும் இப்போது இல்லை. ‘சேஞ்சஸ்’ நூலில் வீட்டோடு எரிந்துபோனது.

ப்ரூவன் கில்ட்டி: உடைந்து கிடந்த பனிக்கோட்டை

மாலியைக் கடத்திப் போனவர்களைத் தேடி ஹாரி மாப்பின் கோட்டையான ஆர்க்டிஸ் டோருக்குப் போகிறான். அவன் போவதற்கு முன்பே வாயில் உடைந்து கிடக்கிறது, காவல் இல்லை. காற்றில் நரகத்தீயின் வாடை. குளிர்கால அரசியின் கோட்டையைத் தாக்கும் துணிச்சல் யாருக்கு?

காசு வைத்திருக்கும் டெனேரியன்களுக்கு என்பது நேரான பதில். நரகத்தீ அவர்களுடைய ஆயுதம். மந்திரவாதிகளின் சபைக்குள்ளேயே இருக்கும் ரகசியக் கூட்டம் அவர்களோடு கைகோத்திருக்கலாம் என்று ஹாரியும் பின்னால் ஊகிக்கிறான். இங்கேயும் எதிர்கால ஹாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் உண்டு, அந்தச் சமயத்தில் அவனும் நரகத்தீயைப் பயன்படுத்தியவன்தானே என்பார்கள். இது நிற்காது. அந்தத் தீ லாசியேலின் வழியாக வந்தது. ‘வைட் நைட்’ முடிவில் நிழலும் போயிற்று, காசும் கைமாறிற்று, தீயும் போயிற்று. அடுத்த நூலில் அவனுக்குக் கிடைப்பது யூரியேல் தரும் ஆன்மத்தீ. எதிர்காலத்திலிருந்து வருகிறவன் இழந்துவிட்ட ஆயுதத்தை எங்கிருந்து கொண்டுவருவான்? ஆக, என் கட்சி இங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மர்மமும் ஹாரியின் தலைக்குள் இல்லை. கோட்டையை உடைத்தது வெளியாள்தான்.

கோல்ட் டேஸ்: நெமசிஸ்

2012-இல் வந்த இந்தப் பதினான்காம் நூல், தலைக்குள் ஒளியும் உத்தியை உலகளவுக்குப் பெரிதாக்குகிறது. படைப்புக்கு வெளியே இருந்து வந்த நெமசிஸ் என்ற ஒன்று, நோய்போல ஒவ்வொருவருடைய மனத்துக்குள்ளும் புகுந்து குணத்தைத் திரிக்கிறது. லீனன்ஷீக்கு அது ஒரு கத்தி வழியாகத் தொற்றியது. மாப் அவளைப் பனியில் உறையவைத்தது தண்டனையாக அல்ல, வைத்தியமாக. ஆர்க்டிஸ் டோரில் ஹாரி கண்ட உறைந்த ஞானத்தாய்க்கு ஆறு ஆண்டுகள் கழித்து விளக்கம் வந்தது. குளிர்கால இளவரசி மேவ் கெட்டதற்கும் அதுவே காரணம்.

ஊகக்காரர்களுக்கு இது பெரிய விருந்தாகிவிட்டது. குணம் கொஞ்சம் மாறினாலும் தொற்று, தவறான முடிவெடுத்தாலும் தொற்று. இந்த வகை ஊகங்களில் எனக்குப் பொறுமை குறைவு. எவர் மேலும் எந்தத் தடயமும் இல்லாமல் ஒட்டவைக்கலாம் என்றால், அதை வைத்து அடுத்த நூலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. லீனன்ஷீ விஷயத்தில் கத்தி என்ற பொருள் கைமாறியதை நாம் கண்ணால் பார்த்தோம். அப்படி ஒரு பொருளையோ ஒரு சந்திப்பையோ காட்டுகிறவர்களின் ஊகத்தை மட்டும் நான் படிக்கிறேன்.

2020 செப்டம்பரில் வந்த ‘பேட்டில் கிரவுண்ட்’ இந்தத் தொற்றுக்கு ஒரு பெரிய உதாரணத்தைக் கொடுத்தது. ஹாரியின் அண்ணன் தாமஸின் காதலி ஜஸ்டின் நெமசிஸின் கூடாக இருந்திருக்கிறாள். ஹாரி நெருங்கிய உறவாகவே நினைத்தவள் அவள். தாமஸ் ஏன் திடீரென்று ஓர் அரசனைக் கொல்லப் போனான் என்று அதற்கு முந்தைய நூலில் எழுந்த கேள்விக்கும் பதில் அதுவே. தலைக்குள் தேடினால் மட்டும் போதாது, வீட்டுக்குள்ளும் தேட வேண்டும்.

கவுல்

முகத்தை முக்காடிட்டு மறைத்த மந்திரவாதி கவுல். உடன் குமோரி என்ற மாணவி. ‘டெட் பீட்’டில் சாகக்கிடந்த ஒருவனை அந்த மாணவி மரணத்திடம் கொடுக்காமல் பிடித்துவைக்கிறாள், வில்லன் கூட்டத்தில் இருந்துகொண்டு. கவுல்தான் மாற்று உலகத்து ஹாரி, குமோரிதான் மாலி என்ற ஊகம் பிரபலம். தவறான முடிவுகளை எடுத்த ஒரு ஹாரியின் உலகத்தைப் பற்றி ‘மிரர் மிரர்’ என்று ஒரு நூல் எழுதப்போவதாக ஆசிரியர் சொல்லியிருப்பதால் அதற்கு இன்னும் மவுசு. என் கட்சிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது, அதனாலேயே கொஞ்சம் தயங்குகிறேன். ஆசிரியர் பேட்டியில் சொன்னதை மூலத்துக்குச் சமமாக வைப்பது உரைக்கு நல்லதல்ல. நூலுக்குள் இதற்கு நேரான தடயம் எனக்குத் தட்டுப்படவில்லை. வழக்கைத் திறந்தே வைக்கலாம்.

மறுபடி படிக்க நினைக்கிறவர்களுக்கு ஓர் இடம் சொல்கிறேன். 2001-இல் வந்த மூன்றாம் நூல் ‘கிரேவ் பெரில்’, அதில் ரத்தக்காட்டேரி பியாங்கா கொடுக்கும் முகமூடி விருந்து. லீனன்ஷீக்கு அந்தக் கத்தி பரிசாகக் கிடைப்பது அங்கேதான். தாமஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஜஸ்டின் கதைக்குள் நுழைவதும் அங்கேதான். கத்தியின் பொருள் தெரியப் பதினோரு ஆண்டும், ஜஸ்டினைப் பற்றித் தெரியப் பத்தொன்பது ஆண்டும் ஆயின. அந்த விருந்தில் இன்னும் பல விருந்தாளிகள் இருக்கிறார்கள். யார் யாரோடு பேசினார்கள், யார் கைக்கு எது போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு படியுங்கள்.